ஔஷத தானமும் மின்கட்டணமும்
(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் எனத் தானங்கள் நான்கு என்பது இந்த அவையில் சிறுவர்க்கும் தெரிந்த செய்தி. ஏலாதி, சிறுபஞ்சமூலம் என்று மருந்தின் பெயரையே அறநூலுக்கு இட்டு வழங்கிய மரபு சமணருடையது. அம்மரபின் வழி வந்தோர் மருத்துவத்திற்கு ஈயத் தயங்குவதில்லை. கண்சிகிச்சை முகாம்கள் நடக்கின்றன. கட்டில்கள், ஸ்கேன் கருவிகள், ஆம்புலன்ஸ் ஊர்திகள் வழங்கப்படுகின்றன. ஒவ்வொன்றின்மீதும் கொடுத்தவரின் பெற்றோர் பெயர் பொறித்த பலகை ஒன்று இருக்கும். அதில் குற்றம் ஏதுமில்லை. பெற்றோரை நினைப்பதும் அறமே.

ஆயினும் இங்கே ஒரு கேள்வி எழுகிறது. கருவியைக் கொடுத்தவர் பெயர் பலகையில் இருக்கிறது. அக்கருவி ஓட மின்சாரம் கொடுப்பவர் யார்? கட்டடத்திற்கும் கருவிக்கும் கொடையாளர் முன்வருவதுபோல மின்கட்டணத்திற்கு எவரும் முன்வருவதில்லை. அந்தக் கட்டணம் மாதந்தோறும் வருகிறது. கட்டத் தவறினால் இணைப்புத் துண்டிக்கப்படும். ஆகவே வருவாய் குன்றிய அறநிலை மருத்துவமனைகள் முதலில் மருந்து வாங்குவதைக் குறைக்கின்றன, பிறகு செவிலியர் எண்ணிக்கையைக் குறைக்கின்றன, இறுதியில் மின்சாரம் மிகுதியாக இழுக்கும் கருவியைத் துணி போர்த்தி மூலையில் நிறுத்திவிடுகின்றன. தானம் மூலையில் நிற்கிறது. அதனால் இன்றைய பேச்சு மருத்துவமனையின் மின்செலவைப் பற்றியது. விழா மேடைக்கு இது வறண்ட பொருள் என்று சிலர் எண்ணலாம். கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும்.

உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த திருநறுங்கொண்டைக்குச் சென்று அப்பாண்டைநாதரை வணங்கி வந்தவர்கள் இவ்வவையில் பலர் இருப்பர். அதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கெல்லையில் கல்வராயன் மலை இருக்கிறது. கச்சிராயபாளையம் கடந்து, கோமுகி அணையை ஒட்டி ஏறும் சாலையில் சென்றால் வெள்ளிமலை. கல்வராயன்மலை வட்டத்திற்கு அதுவே தலைமையிடம். மலையில் வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினர். பெயர் மலையாளி என்றாலும் அவர்கள் கேரள நாட்டவர் அல்லர். தமிழ் பேசும் மலைமக்கள்.

சமவெளியில் மின்சாரம் போனால் பத்து நிமிடத்தில் வரும் என்று காத்திருக்கலாம். மலையில் அப்படியில்லை. காட்டின் ஊடே நெடுந்தொலைவு வரும் கம்பியில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஒரு மரம் சாய்ந்தால் போதும். பழுது எங்கே என்று கண்டுபிடிக்கவே பொழுது போய்விடும். கம்பி நீண்டதாக இருப்பதால் கடைக்கோடியில் மின்னழுத்தம் தாழ்கிறது. தாழ்ந்த அழுத்தத்தில் மோட்டாரும் குளிர்பெட்டியும் சூடேறிக் கெடுகின்றன. டீசலும் ஆக்சிஜன் உருளையும் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறித்தான் வரவேண்டும். கீழே ஒரு ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள் மேலே வந்து சேரும்போது அந்த விலைக்குக் கிடைப்பதில்லை. மின்சாரத்தைச் சிக்கனமாக ஆள்வது நகரத்து மருத்துவமனைக்குக் கணக்குப் பிரச்சினை. மலையூர் மருத்துவமனைக்கோ உயிர்ப் பிரச்சினை.

இதே மலைத்தொடரின் மறுபுறத்தில், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே, தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு உள்ளது. 1993ஆம் ஆண்டு மருத்துவர் ரெஜி ஜார்ஜும் அவர் துணைவியார் மருத்துவர் லலிதா ரெஜியும் அங்கே பழங்குடி மக்களுக்கான மருத்துவப் பணியைத் தொடங்கினர். முதல் மருத்துவமனை ஓர் ஓலைக்குடிசை. படுக்கைக்கு ஒரு மரப்பலகை, வெளிச்சத்திற்கு ஒரு நூறு வாட் குண்டு விளக்கு. பிள்ளைப்பேறும் அறுவையும் அதற்குள்ளேதான் நடந்தன. பின்னர்ப் பள்ளத்தாக்கின் பெண்களே பயிற்சி பெற்றுச் செவிலியராயினர். குடிசை மருத்துவமனையாக வளர்ந்தது. நூறு வாட் போதும் என்று சொல்வதற்காக இதைக் கூறவில்லை. எந்த நூறு வாட் இன்றியமையாதது என்பதை அந்த இருவரும் அறிந்திருந்தனர். மின் மேலாண்மையின் முதற்பாடம் அது. பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் இந்த ஒன்றுதான் எவருக்கும் தெரிவதில்லை.

தெரிந்துகொள்வது எப்படி? மருத்துவமனை முழுமைக்கும் ஒரே மீட்டர் இருந்தால் மாதக் கடைசியில் ஒரு தொகை தெரியும். எங்கே செலவாயிற்று என்பது தெரியாது. குடும்பத்தலைவி அரிசிக்கு இவ்வளவு, பாலுக்கு இவ்வளவு என்று தனித்தனியே எழுதி வைப்பதுபோல, குளிரூட்டிகளுக்கு ஒன்று, நீரேற்றும் மோட்டாருக்கு ஒன்று, அறுவை அரங்குக்கு ஒன்று எனச் சிறு மீட்டர்களை உள்ளே பொருத்தவேண்டும். அவற்றின் விலை பெரிதன்று. நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒருவர் அவற்றைப் பார்த்து நோட்டில் எழுதவேண்டும். மூன்று மாத நோட்டைப் புரட்டினால், இரவு இரண்டு மணிக்கும் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரும், ஆளில்லாத அறையைக் குளிர்விக்கும் இயந்திரமும் தாமே வெளிப்படும்.

அடுத்தது வழிகளைப் பிரிப்பது. மருத்துவமனையின் மின்கம்பிகளை உயிர்காக்கும் வழி என்றும், மற்ற வழி என்றும் இரண்டாகப் பிரித்துவிடவேண்டும். பேறுகால அறையின் விளக்கு, பிறந்த குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் வார்மர், சளி உறிஞ்சும் சக்சன் கருவி, ஆக்சிஜன் கருவி, அறுவை விளக்கு, தடுப்பூசிக் குளிர்பெட்டி ஆகியவை முதல் வழியில் வரும். வரவேற்பறைத் தொலைக்காட்சியும் அலுவலகக் குளிரூட்டியும் இரண்டாம் வழியைச் சேர்ந்தவை. இப்படிப் பிரிக்காத இடத்தில் மின்சாரம் போனதும் ஜெனரேட்டர் கட்டடம் முழுவதற்கும் ஓடுகிறது. ஒரு லிட்டர் டீசலில் மூன்று முதல் மூன்றரை யூனிட் மின்சாரமே கிடைக்கும். டீசல் விலையை வைத்துக் கணக்கிட்டால் அந்த யூனிட் ஒன்றுக்கு முப்பது ரூபாய் அளவில் ஆகிறது. பெரிய ஜெனரேட்டரில் சிறு பளுவை ஏற்றி ஓட்டினால் அதற்கும் மேல். வழி பிரிந்திருந்தால் உயிர்காக்கும் வழிக்குப் பெரும்பாலான நேரம் இன்வெர்ட்டரும் மின்கலமுமே போதும்; ஜெனரேட்டர் கடைசித் துணையாக மட்டும் நிற்கும்.

தடுப்பூசிக் குளிர்பெட்டியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஐ.எல்.ஆர். என்று சுகாதார நிலையங்களில் வழங்கும் பெட்டி அது. வீட்டுக் குளிர்பெட்டியிலிருந்து அது வேறுபட்டது. உட்சுவரில் பனிக்கட்டிப் படலம் இருப்பதால் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் மின்சாரம் வந்தாலே உள்ளே 2 முதல் 8 பாகை வரை வெப்பநிலை நிலைத்திருக்கும். இத்தகைய நுண்ணறிவோடு அமைந்த கருவியை, சும்மா சும்மா திறந்து பார்க்கும் பழக்கம் கெடுத்துவிடுகிறது. ஹெபடைடிஸ் பி போன்ற தடுப்பூசிகள் சூட்டினால் மட்டுமன்றி உறைந்துபோனாலும் கெடும். கெட்டது பார்வைக்குத் தெரியாது. குழந்தைக்குப் போட்ட பிறகும் தெரியாது. நோய் வரும்போதுதான் தெரியும். ஆகவே நாளுக்கு இருமுறை வெப்பமானியைப் பார்த்து எழுதுவதும், ஸ்டெபிலைசரைப் பழுதின்றி வைப்பதும் எந்தச் சிக்கனத்துக்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாதவை. மின்கலமே இல்லாமல் சூரியத்தகட்டினால் நேரே இயங்கும் தடுப்பூசிப் பெட்டிகளும் இப்போது வந்துள்ளன. மின்சாரம் அடிக்கடி போகும் மலையூருக்கு அவை மிகவும் ஏற்றவை.

இனிச் சிக்கனத்திற்கு இடம் தரும் பகுதிக்கு வரலாம். பழைய மின்விசிறி 75 வாட் அளவில் இழுக்கும்; பி.எல்.டி.சி. மோட்டார் கொண்ட விசிறிக்கு 30 வாட் அளவே போதும். ஒரு சிறு மருத்துவமனையில் 40 விசிறிகள் நாளுக்குப் பதினாறு மணி நேரம் சுழல்வதாகக் கொண்டால், மாற்றியமைத்ததும் ஆண்டுக்குப் பத்தாயிரம் யூனிட்டுக்கு மேல் மிச்சம். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் எண்பதாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. விசிறி ஒன்று மூவாயிரம் ரூபாய் என்றால் போட்ட முதல் ஒன்றரை ஆண்டில் திரும்பிவிடும். பிறகு வருவதெல்லாம் மருந்துக்கு ஆகும். சோக்குடன் 55 வாட் இழுத்த பழைய குழல்விளக்கை 20 வாட் எல்.இ.டி. விளக்காக மாற்றும் கணக்கும் இப்படிப்பட்டதே. ஒன்றை மட்டும் இந்த அவை விரும்பிக் கேட்கும் என்பதால் சொல்லலாம்: வெளிவாயிலில் நீலம் கலந்த வெண்ணிற விளக்கை விட மஞ்சள் நிற விளக்குக்குப் பூச்சிகள் குறைவாகவே வந்து மொய்க்கும். மலையில் மழைக்கால இரவுகளில் விளக்கடியில் விழும் ஈசல்களைக் கண்டவர்க்கு இதன் பயன் புரியும்.

குளிரூட்டியில் ஒவ்வொரு பாகை உயர்த்தி வைப்பதும் ஏறக்குறைய ஆறு விழுக்காடு மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. அதனால்தான் 2020 சனவரி முதல் புதிய அறைக் குளிரூட்டிகள் இயக்கியதும் 24 பாகையில் நிற்குமாறு விதி வந்தது. அறுவை அரங்கின் செய்தி வேறு. அங்கே 21 பாகையை ஒட்டிய குளிர்ச்சியும், மணிக்குப் பலமுறை மாறும் வடிகட்டிய காற்றும் தொற்றைத் தடுக்கத் தேவை. அறுவை நடக்கும்போது அதில் கைவைக்கலாகாது. ஆனால் அறுவை இல்லாத இரவில் காற்றழுத்தத்தை மட்டும் காத்துக்கொண்டு குளிர்ச்சியைத் தளர்த்தலாம்.

அரங்கின் செலவைக் குறைப்பதில் தமிழ்நாடு உலகுக்கே ஒரு வழி காட்டியிருக்கிறது. மருத்துவர் கோ. வேங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை அறியாதார் இல்லை. அங்கு நடந்த கண்புரை அறுவைகளை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2017இல் வெளிவந்தது. ஓர் அறுவைக்கு வெளியாகும் கரிவளி அங்கே ஏறத்தாழ 6 கிலோ. பிரிட்டனில் அதே வகை அறுவைக்கு முன்னர்க் கணக்கிட்டதில் இருபதில் ஒரு பங்கே இது. மின்சாரச் சிக்கனம் மட்டுமே இதற்குக் காரணமன்று. ஒருமுறை பயன்படுத்தி எறிவதைத் தவிர்த்துக் கருவிகளைத் தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்துவது பெருங்காரணம். ஆயினும் அரங்கை வீணே காத்திருக்க வைக்காத ஒழுங்கும் அதில் சேர்ந்தது. ஒருவர்க்கு அறுவை முடியும்போதே அடுத்த மேசையில் அடுத்தவர் ஆயத்தமாக இருப்பார். குளிர்வித்த ஒரே அரங்கு பலர்க்குப் பயன்படுகிறது. நோய்த்தொற்று அங்கே மேலைநாட்டைவிட மிகுதி என்று எவரும் சொல்ல முடியவில்லை. மருத்துவமனையின் சிக்கனத்தை மொத்த யூனிட்டால் அளப்பது பிழை. ஒரு நோயாளியின் நலத்துக்கு எத்தனை யூனிட் என்று அளக்கவேண்டும். நோயாளிகளை வரவிடாமல் செய்தால் மின்கட்டணம் தானே குறையும். அதைச் சிக்கனம் என்பாரில்லை.

வெள்ளிமலை போன்ற உயரத்தில் நோயாளர் கூடத்திற்குக் குளிரூட்டியே தேவையில்லை. எதிரெதிர்ச் சன்னல்களும் உயர்ந்த கூரையும் வேண்டும். 2009இல் உலக சுகாதார நிறுவனம் இயற்கைக் காற்றோட்டம் பற்றி ஒரு வழிகாட்டி நூலையே வெளியிட்டது. பொதுக்கூடத்தில் நோயாளி ஒருவர்க்கு வினாடிக்கு 60 லிட்டர் காற்று என்பது அது கூறும் அளவு. காசநோய் போன்று காற்றில் பரவும் நோய்க்கும் திறந்த சன்னல் காப்பாகிறது. முற்றம் வைத்து வீடு கட்டிய முன்னோரின் அறிவு இதுவே. இன்றோ புதுக் கட்டடம் எழுப்புவோர் கண்ணாடியால் மூடிவிட்டு, உள்ளே குளிரூட்டியும் பகல் விளக்கும் பொருத்துகின்றனர். இதை அழகு என்பது எந்த இலக்கணத்தில் சேரும் என்று தெரியவில்லை.

வெந்நீருக்கு ஹீட்டரை நாடாமல் சூரிய வெந்நீர்க் கலம் வைத்தால், 100 லிட்டர்க் கலம் ஒன்று ஆண்டுக்கு 1,500 யூனிட் வரை மிச்சம் தரும். மூடுபனி நாட்களுக்கு மட்டும் மாற்று வேண்டும். கருவிகளைக் கொதிநீராவியில் தூய்மை செய்யும் ஆட்டோகிளேவ், பாதி நிறைந்தாலும் முழுதும் நிறைந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு மின்சாரம் இழுக்கும். நிறைத்து ஓட்டுவதே முறை. ஒழுகும் குழாயும் மின்சாரக் கசிவுதான். நூறு மீட்டர் ஆழத்திலிருந்து பத்தாயிரம் லிட்டர் நீரை ஏற்ற, நடைமுறையில் ஏழு யூனிட் அளவு செலவாகிறது.

ஆக்சிஜனின் கணக்கு வியப்பளிப்பது. பெரிய உருளை ஒன்றில் ஏறத்தாழ 7,000 லிட்டர் ஆக்சிஜன் உண்டு. நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் தேவைப்படும் ஒரு நோயாளிக்கு அது ஒரு நாள்கூட முழுதாக வராது. அதே அளவை அறைக்காற்றிலிருந்து பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர் கருவிக்கு எட்டு யூனிட் அளவே ஆகும். உருளை மலையேறி வரும் வண்டிச் செலவை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். ஆனால் மின்சாரம் போனால் கான்சென்ட்ரேட்டர் நின்றுவிடும். ஆகவே அருகே ஓர் உருளை எப்போதும் நிறைந்திருக்கவேண்டும். இவ்விடத்தில் மட்டும் சிக்கனம் பேசுவோர் வாயடைத்து நிற்பது நல்லது.

சூரியத்தகடுகளைப் பற்றிக் கேள்வி எழும். தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் தகடு நாளுக்கு நான்கு யூனிட் அளவு தரும். சத்தீசுகர் மாநிலத்தின் மரபுசாரா எரிசக்தி முகமை 2012 முதல் 2016 வரை 570 ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரண்டு கிலோவாட் அளவில் இவற்றை அமைத்தது. அடுத்த ஆண்டு வெளியான ஆய்வில், சூரிய மின்சாரம் பெற்ற நிலையங்கள் பெறாதவற்றைவிடப் பாதிக்கும் மேல் கூடுதலான வெளிநோயாளிகளைப் பார்த்ததாகவும், ஏறத்தாழ இருமடங்கு பிள்ளைப்பேறுகளைக் கவனித்ததாகவும் தெரிந்தது. தகடு ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் விளக்கெரியும் இடத்தை நாடித் தாய்மார் வருவது இயல்பு. நிறுவியதோடு நில்லாமல் பராமரிப்புக்கும் அம்முகமை பொறுப்பேற்றது என்பதே இதில் கற்கத்தக்கது. திறப்பு விழா முடிந்த பிறகு மின்கலத்திற்கு வடிநீர் ஊற்றுவார் யார், தகட்டின் தூசியைத் துடைப்பார் யார் என்ற கேள்விக்கு விடையில்லாத இடத்தில், மூன்றாம் ஆண்டில் மின்கலம் செத்துக் கிடக்கும். கூரையில் தகடும் அதன் ஓரத்தில் கொடையாளர் பெயரும் மட்டும் மிஞ்சும். அறக்கட்டளைகள் இதை மனத்திற் கொள்ளவேண்டும். வீணாகும் மின்சாரத்தை முதலில் குறைத்துவிட்டு, எஞ்சிய தேவைக்கு மட்டும் தகடு வைப்பதே முறை. பத்து கிலோவாட் வேண்டிய இடத்தில் ஆறே போதும் என்று அப்போது தெரியவரும்.

மின்வாரியப் பட்டியலையும் படிக்கத் தெரியவேண்டும். உயரழுத்த இணைப்பு பெற்ற மருத்துவமனை, டிமாண்டு எனப்படும் கேட்பு மின்னளவுக்குத் தனியே கட்டணம் செலுத்துகிறது. 100 கே.வி.ஏ. கேட்டு வாங்கிவிட்டு 55 மட்டுமே பயன்படுத்தினாலும், ஒப்பந்த அளவில் 90 விழுக்காட்டுக்குக் கட்டவேண்டும். கேட்பைக் குறைத்துக்கொள்ள ஒரு விண்ணப்பம் எழுதினால் போதும். எழுதாமல் ஆண்டுக்கணக்கில் பணம் கட்டிய இடங்கள் உண்டு. மின்திறன் காரணி குறைந்தாலும் தண்டம் விழும். கெட்டுப்போன கெப்பாசிட்டரை மாற்றினால் அது நிற்கும். தளர்ந்த இணைப்புகள் சூடேறி மின்சாரத்தைத் தின்கின்றன. தீயும் அங்கேதான் பிறக்கிறது. 2021 சனவரி 9ஆம் நாள் மகாராட்டிரத்தின் பண்டாரா மாவட்ட மருத்துவமனையில், பச்சிளங் குழந்தைகள் பிரிவில் பற்றிய தீயில் பத்துச் சிசுக்கள் மாண்டன. மின்கம்பிகளை ஆண்டுதோறும் சோதிப்பதற்கு ஆகும் செலவை அபயதானத்தில் சேர்ப்பதா, ஔஷத தானத்தில் சேர்ப்பதா என்று பட்டிமன்றம் வைக்கலாம்.

சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதைத் தழுவிய தமிழ் நூலாகிய அருங்கலச்செப்பும் இல்லறத்தார்க்கு உரைக்கும் குணவிரதங்களுள் அநர்த்த தண்டம் விலக்கலும் ஒன்று. பயனின்றி நிலத்தை அகழ்தல், நீரைச் சிதறுதல், நெருப்பை மூட்டுதல், காற்றை வீசுதல் ஆகியவற்றைச் சமந்தபத்திரர் குற்றமாக எண்ணுகிறார். ஆளில்லா அறையில் சுழலும் விசிறியும், ஒழுகும் குழாயும், வெற்றுக் கூடத்தில் எரியும் விளக்கும் அப்பட்டியலுக்கு இன்றைய எடுத்துக்காட்டுகள். இந்த விரதத்தை வீட்டில் காப்பவர்கள், தாம் பொருளுதவி செய்யும் மருத்துவமனையிலும் அதைப் பற்றிக் கேட்க உரிமையுடையவர்கள். புதுக்கருவி கேட்டு வரும் நிர்வாகியிடம், சென்ற ஆண்டின் பன்னிரண்டு மின்பட்டியலையும் கொண்டுவரச் சொல்லிக் கேட்கலாம்.

அறக்கட்டளையினர் கருத்துக்கு ஒரு சிறு கணக்கு. மலையூர் மருத்துவமனை ஒன்றில் பேறுகால அறையின் விளக்குகளுக்கு நாளுக்கு 2 யூனிட், குழந்தை வார்மருக்கு இரண்டரை, சக்சன் முதலிய சிறு கருவிகளுக்கு அரை, தடுப்பூசிக் குளிர்பெட்டியும் உறைபெட்டியும் சேர்ந்து 5 என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 10. ஆண்டுக்கு 3,650 யூனிட். யூனிட் எட்டு ரூபாயானால் 29,200 ரூபாய். நான்கு இலட்சத்து இருபதாயிரம் ரூபாயை வைப்புநிதியாக வைத்து ஏழு விழுக்காடு வட்டி வந்தால் இத்தொகை ஆண்டுதோறும் கிடைத்துவிடும். கோயிலில் நித்திய பூசைக்குக் கட்டளை வைப்பதுபோல இதை வைக்கலாம். அறநிலை மருத்துவமனையாயின் அதன் கணக்கில் நேரே சேர்க்கலாம். அரசு சுகாதார நிலையமாயின் அங்குள்ள நோயாளர் நலச் சங்கத்தோடு பேசி, மின்கல மாற்றத்துக்கும் பராமரிப்புக்கும் ஒதுக்கலாம். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்தால் முடியும். வைப்புநிதிப் பத்திரத்தில் பெயர் பலகை மாட்ட இடமில்லை என்பது ஒன்றுதான் குறை.